மிடறு

தொண்டைக்குள் ஏதோ நிற்கிறது என்பதை நான் முதன்முதலில் உணர்ந்தது ஒரு மாசி மாதக் காலையில், பிளமொண்டன் மெட்ரோ நிலையத்தின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது. மீன்முள் போலக் குத்தவில்லை. வலியும் இல்லை. புளியங்கொட்டை அளவில் ஏதோ ஒன்று, தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, ஒட்டிக்கொண்டு நிற்பது போல இருந்தது. எச்சிலை விழுங்கினேன், இறங்கவில்லை. செருமினேன், வெளியே வரவும் இல்லை. மத்தியானம் சோறு சாப்பிட்டபோது அது எதிலும் தடைப்படாமல் இறங்கியது. சாப்பிட்டு முடித்துக் கதிரையில் வந்து இருந்ததும் அந்தப் புளியங்கொட்டை திரும்பவும் தன் இடத்துக்கு வந்துவிட்டது.

மூன்று கிழமை பொறுத்தேன். அதற்குமேல் பொறுக்கமுடியாத பயம் ஒன்று எனக்கு இருந்தது. அதற்கு முந்திய கார்த்திகையில்தான் என் பெரியம்மா உணவுக்குழாய்ப் புற்றுநோயால் இறந்திருந்தார். அவருக்கும் எல்லாம் தொண்டையில்தான் தொடங்கியது.

காது மூக்குத் தொண்டை நிபுணர் மூக்கு வழியாக மெல்லிய கமெராக் குழாயை விட்டுப் பார்த்தார். திரையில் என் தொண்டையை எனக்கே காட்டினார். ஈரமான, இளஞ்சிவப்பான வெறும் குகை. ஒன்றும் இல்லை. ‘ஒரு பந்து நிற்பது போல இருக்கிறதா?’ என்று கேட்டார். பிரெஞ்சில் இதைத் ‘தொண்டையில் பந்து’ என்றே சொல்வார்கள். மருத்துவம் வைத்திருக்கும் ‘குளோபஸ்’ என்ற லத்தீன் பெயருக்கும் உருண்டை என்பதுதான் பொருள். உடல்நலத்தோடு இருப்பவர்களிலேயே ஏறத்தாழ 45 சதவீதம் பேர் வாழ்க்கையில் எப்போதாவது இதை உணர்ந்திருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. உணவுக்குழாயின் மேல்வாசலில் உள்ள தசை இறுகுவது, இரைப்பை அமிலம் மேலே வருவது, மனப்பாரம் என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். உணவே இறங்காமல் சிக்குவது, விழுங்கும்போது நோவது, மெலிந்துகொண்டு போவது, குரல் மாறுவது, கழுத்தில் கட்டி தட்டுப்படுவது ஆகியவை வேறு கதை. அப்படியானால் தாமதிக்காமல் டொக்டரிடம் போகவேண்டும். எனக்கு அவற்றில் ஒன்றும் இல்லை.

‘அதை இறக்கிவிட வேண்டுமென்று திரும்பத் திரும்ப எச்சில் விழுங்காதீர்கள். செருமாதீர்கள். அப்படிச் செய்யச் செய்யத் தசை இன்னும் இறுகும். ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள், போதும்’ என்றார். கடைசியாக, அண்மையில் ஏதாவது மன அழுத்தம் இருந்ததா என்று கேட்டார். வேலைதான், என்றேன். அதுவும் பொய்தான்.

*

பெரியம்மா கோட்-டெ-நெய்ஜில் தன் மகனோடு இருந்தார். என் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. அம்மா இறந்தபிறகு எனக்கு அம்மாவாக இருந்தவர் அவர்தான். விக்டோரியா வீதியில் நடந்தால் பத்து நிமிடத்துக்குள் பத்து மொழி காதில் விழும். ஆனால் கிளினிக்கிலும் ஆஸ்பத்திரியிலும் கதவு திறப்பது பிரெஞ்சுக்குத்தான், விட்டால் ஆங்கிலத்துக்கு. ஆகவே இங்கு வளர்ந்த பிள்ளைகளும், என்னைப் போலப் படிக்க வந்து பிரெஞ்சு பழகிக்கொண்டவர்களும், ஏதோ ஒரு நாளில் யாரோ ஒரு பெரியவருக்கு வாயாக இருந்திருப்போம்.

அந்த வருடம் பங்குனி மாதத்திலிருந்தே அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீன்முள் என்று நினைத்து, வெறும் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கிப் பார்த்தார். வாழைப்பழம் விழுங்கிப் பார்த்தார். பிறகு பிட்டு நின்றது, சோறு நின்றது, கஞ்சி மட்டும் இறங்கியது. வைகாசியில் பரிசோதனை முடிவு வந்தது. அண்ணாவுக்குப் பகல் வேலை. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். போவதற்கு முதல்நாள் இரவு அண்ணா போன் எடுத்தார்.

“என்ன வந்தாலும் அம்மாவுக்குச் சொல்லாதை. சொன்னா அந்தப் பயத்திலையே போயிடுவா. புண் எண்டு சொல்லு, காணும்.”

நான் ஓம் என்றேன். அப்போது அது ஒரு பெரிய விடயமாகவே தெரியவில்லை. எங்கள் குடும்பங்களில் எல்லோரும் செய்வதுதானே.

டொக்டர் அவசரப்படாமல், பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தே கதைத்தார். ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு நிறுத்தி எனக்கு நேரம் தந்தார். புண் என்றேன். மருந்து ஏற்றவேண்டும் என்றேன். அவர் சொன்னதில் பாதி என் வாய்க்கு வராமலே நின்றது. இடையில் அவர் அந்தச் சொல்லை நேரடியாகச் சொன்னார். பிரெஞ்சில் அது ‘கான்சேர்’. மூக்கால் சொன்னாலும் யாருக்கும் விளங்கும் சொல்.

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். “தம்பி, கான்சர் எண்டே சொல்லுறார்?”

“இல்லைப் பெரியம்மா. அது பிரெஞ்சுச் சொல்லு. வேறை கருத்து.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு “ஓம், ஓம்” என்று சொல்லிக் கைப்பையின் சிப்பை இழுத்து மூடினார். அதற்குப் பிறகு கடைசி நாள்வரை அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. நம்பித்தான் விட்டாரா, நான் படும் பாட்டைப் பார்த்து விட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டொக்டர் என்னிடம், ‘விளங்கிக்கொண்டாரா?’ என்று கேட்டார். ‘ஓம், விளங்கிக்கொண்டார்’ என்றேன்.

அந்த ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகவேண்டும் என்பது பெரியம்மாவின் ஆசை. கோப்பாயில் இருக்கும் தங்கச்சியைப் பார்த்துப் பல வருடங்கள். ஆனி மாதத்தில் அவரால் நடக்க முடிந்தது, விமானத்தில் இருக்கவும் முடிந்திருக்கும். “மருந்து முடியட்டும், அடுத்த வருசம் போவம்” என்றார் அண்ணா. நானும் அதையே சொன்னேன். அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். யாருடைய வருடமோ, அவருக்கு மட்டும் அது தெரியாது.

*

இந்த உருண்டைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பழைய கிரேக்க மருத்துவம் இதைப் பெண்களின் நோய் என்றது. கருப்பை உடலுக்குள் அலைந்து தொண்டைவரை ஏறி அடைப்பதாகச் சொன்னார்கள். கருப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ‘ஹிஸ்டீரியா’ வந்தது. இந்த உணர்வுக்கும் ‘குளோபஸ் ஹிஸ்டெரிக்கஸ்’ என்ற பெயரே நெடுங்காலம் ஒட்டியிருந்தது. 1968இல் மல்கம்சன் என்ற மருத்துவர்தான், இது வருகிற எல்லோரும் அப்படிப்பட்டவர்கள் அல்லர் என்று காட்டி, தொண்டையைக் குறிக்கும் பெயரை இதற்குப் பரிந்துரைத்தார். தொண்டையில் ஏதோ நிற்கிறது என்று சொன்ன எத்தனையோ பெண்களிடம், உனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் வளர்ந்த சைவ வீட்டில் தொண்டையில் நின்ற பொருளுக்கு வேறு கதை இருந்தது. பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகாலத்தைச் சிவன் எடுத்து உண்டார். உள்ளே போனால் உள்ளிருக்கும் உலகங்கள் அழியும், வெளியே உமிழ்ந்தால் வெளியிலுள்ள உலகங்கள் அழியும். உமையம்மை கழுத்தைப் பிடிக்க, நஞ்சு மிடற்றிலேயே நின்றது. மிடறு என்பது தொண்டைக்கும் பெயர், ஒரு முறை விழுங்கும் அளவுக்கும் பெயர். விழுங்குவதற்காகவே இருக்கும் இடத்தில் விழுங்காமல் வைத்திருப்பதுதான் அந்தக் கதையின் பெருமை.

புலம்பெயர்ந்த எங்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். கோப்பை கழுவி உழைத்த காசை அனுப்பியபோது என்ன வேலை என்று ஊருக்குச் சொல்லாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். போரில் கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வைத்திருப்பவர்களையும் தெரியும். எங்கள் சமூகம் இந்த நாட்டின் கண்ணில் பட்டதே ஒரு விழுங்கிய சொல்லோடுதான். 1986 ஆவணி 11ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீன்பிடிக்காரர்கள் காப்பாற்றினார்கள். இந்தியாவிலிருந்து நேரே வந்தோம் என்று அவர்கள் முதலில் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்தார்கள் என்பது சில நாட்களில் தெரியவந்தது. பத்திரிகைகள் திட்டின. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்த மனிதர்கள் சொன்ன பொய் அது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

பெரியம்மாவின் விடயத்தில் நானும் ஒரு சின்ன நீலகண்டன் என்றுதான் பல மாதங்கள் நினைத்திருந்தேன். அவருக்குப் போகவேண்டிய நஞ்சை என் தொண்டையில் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று. அந்த எண்ணத்தில் ஒரு சுகமும் இருந்தது. ஒப்பீடு எங்கே பிழைக்கிறது என்று எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. ஆலகாலம் யாருக்கும் சொந்தமானதல்ல. கடலிலிருந்து வந்தது, எல்லோரையும் கொல்ல வந்தது. படகில் வந்தவர்கள் மறைத்தது தங்கள் சொந்தப் பயணத்தை. கோப்பை கழுவியவர் மறைத்தது தன் வேலையை. நான் நிறுத்தி வைத்திருந்த சொல் என்னுடையது அல்ல. அது பெரியம்மாவுடையது. அவருடைய உடம்பிலிருந்து எடுத்த ஒரு துண்டைப் பரிசோதித்து வந்த சொல். அதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லித்தான் டொக்டர் என் கையில் தந்தார்.

*

பொய் சொல்லலாமா என்ற கேள்விக்கு எங்களிடம் எப்போதும் கைவசம் இருப்பவர் வள்ளுவர். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் சொல்கிறார். அண்ணாவும் என்னிடம் ஒருமுறை இதைச் சொன்னார். அதற்கு அடுத்த குறளை நாங்கள் இருவரும் மறந்துவிட்டோம். மனம் அறிந்து பொய் சொல்லாதே, சொன்னால் உன் மனமே உன்னைச் சுடும் என்கிறது அது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நன்மைக்கான பொய்யும் அறிந்து சொன்ன பொய்தான். சுடுகிறதா என்று பார்த்தால் அந்த நன்மையில் குற்றம் இருந்ததா என்பது தெரியும்.

1797இல் ஐரோப்பாவில் இதே கேள்வியில் இரண்டு பேர் மோதினார்கள். கொலைகாரன் தேடிவந்து உன் நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லும் உரிமை உனக்கு இல்லை என்றார் கான்ட். உண்மையைக் கேட்கும் உரிமை உள்ளவனுக்குத்தான் உண்மை சொல்லும் கடமை உண்டு என்றார் பெஞ்சமின் கொன்ஸ்தான். எனக்குக் கொன்ஸ்தானைத்தான் பிடிக்கும். ஆனால் அவருடைய தராசில் நின்றாலும் நான் தப்பமுடியாது. தன் நோயின் பெயரைக் கேட்கும் பெண்ணைவிட அந்த உண்மைக்கு உரிமை உள்ளவர் வேறு யார்? கியூபெக் சட்டமும் அதையே சொல்கிறது. நோயாளி தன் உடல்நிலையை அறியும் உரிமை உள்ளவர், தெரிந்து சம்மதித்தால்தான் சிகிச்சை. பெரியம்மா கையெழுத்து வைத்தார். எதற்கு வைத்தார் என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கையெழுத்தை வாங்கிக் கொடுத்தவன் நான்.

இது எங்கள் பண்பாடு, வெள்ளைக்காரருக்கு விளங்காது என்று சொல்வது எளிது. அதையும் சொல்லிப் பார்த்தேன். 1961இல் சிக்காகோவில் ஒரு மருத்துவமனையின் மருத்துவர்களிடம் கேட்டபோது, புற்றுநோயை நோயாளிக்குச் சொல்லாமல் விடுவதையே விரும்புகிறோம் என்று சுமார் 90 சதவீதத்தினர் சொன்னார்கள். 1979இல் அதே கேள்வித்தாளோடு அமெரிக்காவின் இன்னொரு நகரத்தில் கேட்டபோது, சொல்வதையே விரும்புகிறோம் என்றவர்கள் 97 சதவீதம். இடையில் 18 வருடங்கள்தான். அந்த 90 சதவீதத்தினரும் நோயாளியின் மேலுள்ள இரக்கத்தால்தான் மறைத்தோம் என்று சொல்லியிருப்பார்கள். அண்ணா சொன்னதும் அதையேதான்.

அண்ணாவுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லோருக்கும் எல்லாவற்றையும் முகத்தில் அறைந்தாற்போலச் சொல்வதுதான் அறம் என்றால் அதுவும் கொடுமைதான். எனக்கு ஒன்றும் சொல்லவேண்டாம், மகனிடம் கதையுங்கள் என்று சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள். அறியாமல் இருக்கும் உரிமையும் ஓர் உரிமைதான். ஆனால் அதுவும் அவருடைய உரிமை. ‘பெரியம்மா, டொக்டர் சொல்லுறதெல்லாம் உங்களுக்குத் தெரியவேணுமோ, அண்ணாவோடை கதைச்சால் காணுமோ?’ என்று ஒரு கேள்வியை நான் கேட்டிருக்கலாம். அதில் அந்தச் சொல் வரவே வேண்டியதில்லை. என் பிழையை நான் இப்போது அந்தப் பொய்யில் வைக்கவில்லை. கேட்காமல் விட்டதில்தான் வைக்கிறேன். அவரே வாயைத் திறந்து கேட்டபோதும் நான் அந்தக் கதவை மூடினேன்.

*

ஆலகாலத்தைவிட எனக்கு உதவிய கதை அதே பெயரில் இருக்கும் இன்னொன்று. பெரியபுராணத்தில் வரும் திருநீலகண்டர் சிதம்பரத்துக் குயவர். சிவனடியாருக்கு ஓடு செய்து கொடுப்பவர். பரத்தையிடம் போய்வந்த அவரை மனைவி, திருநீலகண்டத்தின் மேல் ஆணை, எம்மைத் தொடாதீர் என்று தடுக்கிறார். ‘எம்மை’ என்று பன்மையில் சொன்னதால் எந்தப் பெண்ணையும் மனதாலும் தொடுவதில்லை என்று அவர் உறுதி எடுக்கிறார். ஒரே வீட்டில், வெளியாருக்குத் தெரியாமல், இருவரும் அப்படியே வாழ்ந்து கிழவராகிறார்கள். எத்தனை வருட மௌனம்! சேக்கிழார் அந்த மௌனத்தைக் குறை சொல்லவில்லை. அது அவர்கள் இருவருடைய சொந்தச் சரக்கு.

பிறகு சிவயோகியாக வந்தவர் ஓர் ஓட்டைக் கொடுத்துப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறார். அதை மறையச் செய்கிறார். திரும்பி வந்து ஓடு எங்கே என்கிறார். திருடவில்லை என்றால் மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறார். மூங்கில் கோலின் இரு முனைகளையும் இருவரும் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். கையைப் பிடி என்று யோகி விடவில்லை. அப்போதுதான் அந்தக் கிழவர், ஊர் பார்த்து நிற்க, ஏன் கையைப் பிடிக்கமுடியாது என்பதைச் சொல்கிறார். சொல்லிவிட்டு மூழ்கியவர்கள் இளமையோடு எழுகிறார்கள்.

சின்ன வயதில் எனக்கு அந்த இளமைதான் அதிசயம். இப்போது அந்த ஓடு. தன் சொந்த விடயத்தை எவ்வளவு காலமும் தொண்டையில் வைத்திருந்தவர், பிறர் பொருளைப் பற்றிய கேள்வி வந்ததும் வாயைத் திறக்கிறார். என் கையிலும் ஒருவர் ஓட்டைக் கொடுத்திருந்தார். கேட்டபோது, அப்படி ஒன்றே இல்லை என்றேன்.

*

பெரியம்மாவின் ஆட்டைத்திவசத்துக்கு அடுத்தநாள் கோப்பாயிலிருந்து சின்னம்மா போன் எடுத்தார். படையல் எப்படி, எத்தனை பேர் வந்தார்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டுச் சட்டென்று கேட்டார்.

“தம்பி, அக்காவுக்கு என்ன வருத்தம் எண்டு அவவுக்குத் தெரியுமோ?”

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொல் வாயருகே வந்துவிட்டது. தொண்டையில் அந்தப் புளியங்கொட்டையும் இருந்தது. என் குளம் இதுதான் என்று நினைத்தேன்.

“இல்லைச் சின்னம்மா. அவ கேட்டவ. நான்தான் இல்லை எண்டு மாத்திச் சொன்னனான்.”

நீண்ட நேரம் சத்தமே இல்லை. அங்கே ஒரு சேவல் கூவியது கேட்டது.

“நல்லூருக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராமல் விட்டவ. அடுத்த வருசம் எண்டு சொன்னவ. ஏலுமாயிருந்தும் வரேல்லை எண்டு எனக்குக் கோவம். பிறகு அவ போன் எடுத்தாலும் ரெண்டு சொல்லுத்தான் கதைச்சனான்.”

பிறகு அவர் அழுதார். ஒரு வருடத்துக்குப் பிறகு அக்காவுக்காக அழுதார். நான் போனைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். ஒரு பொய் எங்கே போய் விழும் என்று சொன்னவனுக்குத் தெரிவதில்லை. பெரியம்மாவின் பயத்தைக் குறைக்கச் சொன்னது, ஒரு வார்த்தையும் அறியாமல் கோப்பாயில் இருந்த ஒரு பெண்ணின் கடைசிச் சில மாதத்து அக்காவைப் பறித்துவிட்டது.

அன்றைக்கே தொண்டை திறந்துவிட்டது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அந்த உருண்டை இப்போதும் சிலவேளை வருகிறது, சில நாள் நின்றுவிட்டுப் போகிறது. விழுங்கி இறக்கப் பார்ப்பதில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கிறேன். அண்ணாவும் நானும் இதைப் பற்றி ஒருமுறை கதைத்தோம். அவர் என்னைக் கோபிக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

போன மாதம் எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒருவர், தன் தகப்பனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கதைக்க முடியுமா என்று கேட்டார். வரலாம் என்றேன். ஆனால் டொக்டர் சொல்வதெல்லாவற்றையும் ஐயாவுக்குச் சொல்வேன், எவ்வளவு தெரியவேண்டும் என்று ஐயாவிடமே முதலில் கேட்பேன், அது சரிவராது என்றால் ஆஸ்பத்திரியிடம் சொல்லி மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்குபண்ணலாம் என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. இரண்டு நாள் கழித்து, நீங்களே வாங்கோ என்றார்.

காத்திருக்கும் அறையில் ஐயாவிடம் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எல்லாத்தையும் சொல்லும் தம்பி. எனக்கு ஊரிலை ஒரு காணி எழுதவேணும்.”